பிஜ்லியின் முன்னங்கால்

லாடக்காரன் மாசிலாமணி குதிரையின் முன்னங்காலை மடக்கித் தன் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு, குளம்பின் அடியைக் குறட்டால் இடம் இடமாக அழுத்திப் பார்த்தான். ஓரிடத்தில் அழுத்தியதும் பிஜ்லி உடம்பு முழுக்க உதறியது. கோவிந்தம்மாள் முகக்கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

அவள் அந்த நேரத்தில் லாயத்தில் நிற்க வேண்டியவளே அல்ல. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசையில், பிஜ்லியைப் பராமரித்து வந்த அவள் புருஷன் பச்சைமுத்து இழுத்துக்கொண்டு கிடந்தான்.

"சாயங்காலம் குதிர டாக்டர் சாப் வருவாரு அண்ணி. கால ஊனலைன்னா எலும்பு உட்டுப்போச்சுன்னு சுட்டுருவாங்க" என்றான் மாசிலாமணி, தலையைத் தூக்காமல்.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வேலைக்காக தில்லியெங்கும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அது. பதினாறு நாளுக்கு முன், குதிரையை நடத்திவிட்டுத் திரும்பும்போது பச்சைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. மண்பாதையில் சுற்றி வரத் தெம்பில்லாமல், ஜல்லி கொட்டிய ரோட்டில் குறுக்கே இட்டு வந்துவிட்டான். மறுநாள் குதிரை நொண்டியது. அவனும் எழுந்திருக்கவில்லை. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த ஆஸ்பத்திரியில், வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நினைவு வரும்போதெல்லாம் அவன் கேட்டது ஒன்றைத்தான்.

"ஊனுதா?"

"ஊனுது" என்பாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவன் கண்ணை மூடிக்கொள்வான். இன்று காலை அவளுக்கு அந்தப் பொய்யும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாளை அவனருகே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மாசிலாமணி வளைகத்தியால் அந்த இடத்தை மெல்லச் சுரண்டினான். இன்னும் கொஞ்சம். சட்டென்று கறுப்பாகச் சீழ் பீய்ச்சியடித்தது. நாற்றம் தாங்கவில்லை.

"எலும்பு இல்ல அண்ணி! உள்ளங்கால் கன்னிப்போயி உள்ள சீ கட்டியிருக்கு."

வெந்நீரில் உப்பைக் கரைத்துக் குளம்பை ஊற வைத்தான். தவிட்டுப் பத்துப் போட்டுச் சாக்கால் கட்டினான். விட்டதும் பிஜ்லி காலைத் தொங்கவிட்டபடி நின்றது. பிறகு நுனியை வைத்தது. பிறகு முழுக் காலையும் ஊன்றி, தொட்டியிலிருந்த புல்லை இழுத்தது.

கோவிந்தம்மாள் புறப்பட்டாள். மாசிலாமணி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, தப்பு கல்லு மேல மட்டும் இல்ல. போன தடவ லாடம் மாத்துனப்ப நான்தான் அடிய ஜாஸ்தி சீவிப்புட்டேன். வெத்தலையாட்டம் ஆயிப்போச்சி. அப்படி இருந்ததாலதான் ஜல்லி குத்திடுச்சி. வேல போயிடுமேன்னு வாயத் தொறக்கல."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னா? அந்த மனுசன்கிட்ட வந்து சொல்லு. ஜல்தி."

சைக்கிள் கேரியரில் அவளை உட்கார வைத்து மிதித்தான். குடிசைக்குள் குனிந்து நுழைந்து, கட்டிலருகே மண்டியிட்டு, காதோடு எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் அழுதுவிட்டான்.

"ஊனிடிச்சி மாமா. நானே பாத்தேன்." இந்தத் தடவை கோவிந்தம்மாள் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

பச்சைமுத்து மாசிலாமணியின் பக்கம் முகத்தைத் திருப்பினான். திட்டப்போகிறான் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"லாடத்துக்கு அடியில... தோலு வச்சி அடி. கல்லுல போவணும்ல."

"வக்கிறேண்ணே."

"ஆறட்டும் மொதல்ல. மெத்துனு வக்கோலு..."

"போட்டிருக்கேண்ணே. நெறைய போட்டிருக்கேன்."

தண்ணீர் கேட்டான். மூன்று நாளாக உதட்டோரம் வழிந்துகொண்டிருந்த தண்ணீர், இரண்டு கரண்டி உள்ளே இறங்கியது. அதன்பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. பதினொரு மணிவாக்கில், இருமல்கூட இல்லாமல், மூச்சு நின்றது.

மாசிலாமணி பாடைக்கு மூங்கில் வாங்கப் போனான். கேம்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். செல்லம்மாள் ஒப்பாரியை எடுத்துக்கொடுத்தாள். சுவரில் சாய்ந்திருந்த கோவிந்தம்மாளின் தலை மெல்லச் சரிந்தது.

"ஐயோ, மயக்கம் போட்டுட்டா!" என்றாள் ஒருத்தி.

செல்லம்மாள் குனிந்து, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். லேசாகக் குறட்டை வந்தது. மற்றவர்களைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

ஒப்பாரி முணுமுணுப்பாக இறங்கியது. வாசலிலிருந்த ஒருத்தி, வெயில் கோவிந்தம்மாளின் முகத்தில் படாதபடி சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.