ஹேமாங்கினி தெனாலிக்குப் போனாள்

அந்த நாட்களில் விஜயவாடாவில் ஓர் ஆண் தன் சொந்தப் பேரில் தொடர்கதை எழுதினால் அவன் பெண்டாட்டிகூடப் படிக்க மாட்டாள். வாரப் பத்திரிகை வாங்கியது பெண்கள். அவர்களுக்குப் பெண்கள் எழுதியதுதான் வேண்டும். பாசன இலாகா குமாஸ்தா கோடிபல்லி சுப்பராயுடு தன் பேரில் அனுப்பிய கதைகளையெல்லாம் எங்கள் 'நீலாம்பரம்' வார இதழ் திருப்பி அனுப்பியது. அவற்றில் ஒன்றையே 'ஹேமாங்கினி' என்று கையெழுத்துப் போட்டு மறுபடி அனுப்பினார். வெளியிட்டோம். அடுத்த கோடைக்குள் ஹேமாங்கினி இல்லாத இதழ் கடையிலேயே தங்கிவிடும் என்கிற நிலை வந்துவிட்டது.

நான் அங்கே உதவி ஆசிரியை. உண்மை தெரிந்தவர்கள் ஆசிரியர் பானுமூர்த்தி காரு, நான், பிறகு சுப்பராயுடுவின் மனைவி மாணிக்யம். அவளை நான் வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன்; பேரோடு சேரும் 'காரு' எங்கள் ஊர் மரியாதைச் சொல். கையெழுத்துப் பிரதி வாங்கப் போகும்போதெல்லாம் காபியோடு ஒரு விமர்சனமும் கிடைக்கும்.

"அந்த மானசா பொண்ணு ஜன்னலோரம் உக்காந்து அழுதுட்டே இருக்காளே, அந்த வீட்டுல யாரு சமைக்கிறா? அதை ஒரு வாரமாவது எழுதியிருக்காரா உங்க ஹேமாங்கினி?"

தொடர்கதையின் நாயகி மானசா எம்.ஏ. படித்தவள். கணவன் டாக்டர் ராஜசேகர் ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அன்றே ஊரை விட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். ஊரும் அவளோடு காத்திருந்தது.

இந்த நேரத்தில் தெனாலி மாதர் சங்கம் ஹேமாங்கினிக்குச் சால்வை போர்த்த ஆசைப்பட்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தோம். கஷாயப் பொடி வந்தது, திருப்பதிப் பிரசாதம் வந்தது, கடைசியில் "நாங்களே வந்து பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆள் வந்தது. பானுமூர்த்தி காரு சுப்பராயுடுவைக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவ அனுப்புங்க" என்றார்.

"அவளா? அவ வாயத் திறந்தா மூட மாட்டாளே."

"திறக்காம இருக்கச் சொல்லுங்க."

சுப்பராயுடு மனைவிக்குப் பாடம் நடத்தினார். யார் எதைக் கேட்டாலும் மெல்லச் சிரித்து, "காலம் பதில் சொல்லும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். வதினா ஒப்புக்கொண்டாள். ஒரு பட்டுப்புடவை வாங்கித் தரவேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை.

வதினா, சுப்பராயுடு, நான் மூன்று பேரும் பாசஞ்சர் ரயிலில் தெனாலி போய் இறங்கினோம். சங்கக் கட்டடத்தில் ஜன்னல் கம்பியில்கூடப் பெண்கள் தொற்றிக்கொண்டு நின்றார்கள். வதினாவைக் கையோடு மேடைக்குக் கூட்டிப்போனார்கள். சுப்பராயுடுவின் கையில் அவள் பையையும் கழற்றிய மாலையையும் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? அவங்க எழுதும்போது தொந்தரவு பண்ணாம இருப்பீங்களா?"

"இருப்பேம்மா."

"காபியாவது போட்டுக் குடுப்பீங்களா?"

சுப்பராயுடு மாலையை முறைத்துக்கொண்டிருந்தார்.

மேடையில் கேள்விகள் ஆரம்பித்தன. ராஜசேகர் திரும்பி வருவானா என்று ஒருத்தி கேட்டாள். காலம் பதில் சொல்லும் என்றாள் வதினா. எம்.ஏ. படித்தவள் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று இன்னொருத்தி. அதற்கும் காலம். கூட்டம் பரவசமாகத் தலையாட்டியது. எவ்வளவு ஆழம் பார் என்று என் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்தாள்.

"எங்க அக்காவும் இப்படித்தாங்க. அடிச்சிட்டுப் போனவன் திரும்பி வருவான்னு வாசலையே பாத்துட்டிருக்கா. ஹேமாங்கினி காரு எழுதியிருக்காங்க, பொறுத்தவ ஜெயிப்பாங்கிறா. வேலைக்குப் போன்னா உங்க கதையத்தான் எடுத்துக் காட்டறா. இன்னும் எத்தனை நாள் உக்காரச் சொல்லட்டும்?"

வதினா சிரிக்க முயன்றாள், வரவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் உதட்டை அசைத்து "காலம், காலம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

"உங்க அக்காவ எழுந்திருக்கச் சொல்லும்மா," என்றாள் வதினா. "அடுத்த வாரம் மானசாவும் எழுந்திருக்கப் போறா. நகையையும் சர்டிபிகேட்டையும் எடுத்துட்டுக் கிளம்பறா."

ஒரு குரல் கேட்டது: "காரையும் எடுத்துக்குவாளா?"

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே. பஸ்ஸுல போவா."

அப்போது எழுந்த கைதட்டலுக்குப் பிறகும் அந்தக் கட்டடத்தின் ஓடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்றால் அது கட்டிய கொத்தனாரின் புண்ணியம்.

திரும்பும் ரயில் கிருஷ்ணா பாலத்தில் ஏறியது. சுப்பராயுடு வெடித்தார்.

"ராஜசேகர் ரோஜாப் பூவோட வந்து கால்ல விழப் போறான். நான் எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். என் கதாநாயகிய அனுப்ப நீ யாரு?"

"சால்வை யாரு தோள்ல இருக்கு?" என்றாள் வதினா. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு உங்க காலத்தச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வேணும்னா இறங்கிப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

நாளிதழ்கள் செய்தி போட்டுவிட்டன: மானசா வெளியேறுகிறாள். பானுமூர்த்தி காருவுக்கு வேறு வழியில்லை. சுப்பராயுடு எழுதித் தந்த அத்தியாயத்தில் மானசா கேட் வரைக்கும் வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை அழுதாள்.

"பஸ் போயிடும் சுப்பராயுடு காரு," என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் நான் போனபோது வதினா சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஏதோ தீயும் வாசனை. எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் குடிவாடா பஸ்ஸில் மானசாவுக்குப் பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒருத்தி உட்கார்ந்து, "எங்க, அம்மா வீட்டுக்கா? சண்டையா?" என்று ஊரறியக் கேட்கும் இடத்தை நான் நின்றபடியே படித்து முடித்தேன். அடுத்த வாரம் ராஜசேகர் தன் கால்சட்டையை இஸ்திரி போடத் தெரியாமல் பொசுக்கினான். மானசா பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுச் சொந்தக்காரியோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை போட்டு ஜெயித்தாள். கடைசியில் ராஜசேகர் பூவோடு வந்தான். காபி கொடுத்து, அவன் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்து, கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வாசகிகளில் பாதிப் பேர் திட்டினார்கள். அவர்களும் அடுத்த தொடர் எப்போது என்று கேட்டுத்தான் முடித்தார்கள்.

ஹேமாங்கினி அதன்பிறகு வதினாதான். அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. சுப்பராயுடு ஆபீசிலிருந்து வந்து அடுப்புப் பக்கம் போனார். முதலில் கோபமாகச் சமைத்தார், அப்புறம் வெறுமனே சமைத்தார். ஒருநாள் நான் போயிருந்தபோது புளிச்சகீரைப் பச்சடியைக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றார். நன்றாக இருக்கிறது என்றேன். "அவ ஒண்ணுமே சொல்லலம்மா. எழுதிட்டே சாப்பிட்டா" என்றார். உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தார்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு சிறுகதை கொண்டுவந்து கொடுத்தார். நாள் முழுக்கச் சமைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று காத்திருக்கும் ஒருவரைப் பற்றியது. பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. பானுமூர்த்தி காரு இரண்டு தடவை படித்தார்.

"என்ன பேர் போடட்டும்?"

"என் பேரேதான். கோடிபல்லி சுப்பராயுடு."

போட்டோம். கடிதங்கள் குவிந்தன. சுப்பராயுடு ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்களிடம் ஓடிவந்தார். முதல் கடிதம் தெனாலியிலிருந்து. சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன்.

"அன்புள்ள சுப்பராயுடு அக்காவுக்கு, ஆண் பேரில் ஒளிந்துகொண்டால் எங்களுக்குத் தெரியாதா? அடுப்படியில் வெந்த ஒருத்தியால்தான் இப்படி எழுத முடியும். பயப்படாமல் சொந்தப் பேரில் எழுதுங்கள்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றக் கடிதங்களிலும் ஏறக்குறைய அதுவே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கேன் போல" என்றார்.