நகம் வளராத ஒன்பது வருடம்

1990 ஜூன் மாதத்தின் இரண்டாம் கிழமை, வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்த பத்மாவதிக்கு நகம் வளர்வது நின்றது. அதே கிழமைதான் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதையும் மூடியது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வயது இருபத்தாறு. வேலைக்காகக் கொழும்பு வந்து மூன்று மாதம்தான். பின்னால் வருவதாக இருந்த கணவர் நாகேந்திரம் பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்.

வேலை கொட்டாஞ்சேனையில், ஒரு மருந்து ஆய்வுகூடத்தில். கார்த்திகைப்பூ விதையை இடித்து, மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்து, கொல்ச்சிசின் என்ற வெளிர்மஞ்சள் தூளைப் பிரித்தெடுப்பாள். அளவாகக் கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து, கூடினால் நஞ்சு. உயிரணு இரண்டாகப் பிரிவதை அது நிறுத்திவிடும். கையுறை போடாதது அவள் பிழை. தூள் தோலால் இறங்கி, வயது ஏறாமல் அவளை முழுதாக நிறுத்திவிட்டது. பொறுப்பாளர் பேர்னாட் பயந்துபோய், விதையைத் தொடாமல் விட்டால் இரண்டு கிழமையில் சரியாகும் என்று வேறு மேசைக்கு மாற்றப் பார்த்தார்.

"வேண்டாம் சேர். அவர் வழியனுப்பின மாதிரியே இருந்திட்டுப் போறன்" என்றாள்.

அப்படியே இருந்தாள். மற்றவர்களின் அடையாள அட்டைப் படம் முகத்தை விட்டு விலகிப் போக, சோதனைச் சாவடிகளில் அவளுடையது மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது. வீட்டுக்காரி பைறோஸா இரண்டு மகள்மாரைக் கட்டிக்கொடுத்துப் பேரனையும் கண்டாள். என்ன பவுடர் பூசுகிறாய் என்று ஒருமுறை கேட்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மாவதி இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றி, இரண்டையும் தானே குடித்தாள். அவ்வளவு தனிமை.

1999இல் கொழும்புக்குப் பயணம் செய்யப் பாஸ் கிடைத்து நாகேந்திரம் வந்து சேர்ந்தார். ஆறு இடப்பெயர்வும் மலேரியாவும் நாற்பது வயதிலேயே தலையைப் பஞ்சாக வெளுத்து, பல்லைக் கொட்டி, முதுகை வளைத்திருந்தன. வாசலில் நின்றவளை அவர் உடனே அடையாளம் கண்டார். அவளுக்குத்தான் நேரம் எடுத்தது.

அன்று பின்னேரமே, வீட்டில் தங்கும் தமிழரைப் பதியப் பொலிஸ் வந்தது. வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் பத்மாவதி நாகேந்திரம். எங்கள் பெண்களின் பெயருக்குப் பின்னால் கலியாணம் வரை தகப்பன் பெயர் இருக்கும், அதன் பிறகு கணவன் பெயர். இது எந்தப் பெயர் என்று பொலிஸுக்கு எப்படித் தெரியும்? பொலிஸ்காரர் அவருடைய அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார். "அப்பாவா?" என்று கேட்டார். நாகேந்திரம் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். அவள் வாய் திறக்குமுன், "ஓம்" என்றார்.

எழுதியதை மாற்ற ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். அந்த நாட்களில் ஒரு தமிழரும் வலியப் போய் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. பைறோஸாவுக்கும் அப்பா என்றே சொல்லியாயிற்று; மாப்பிள்ளை இன்னும் பாதைக்கு அந்தப் பக்கம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே பத்மாவதி விதை மேசையை விட்டாள். பதினாலாம் நாள் நகம் வளர்ந்தது, அவரே வெட்டிவிட்டார். ஆனால் வருடங்கள் அவளுக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்தன, அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஏழு வருடம் வெளியே ஒழுங்கைச் சனத்துக்குத் தகப்பனும் மகளுமாக, அறைக்குள் புருஷன் பெண்சாதியாக இருந்தார்கள். 2006 ஆவணியில் அவர் கண்ணை மூடினார்; இடையில் நாலு வருடம் திறந்திருந்த பாதையும் திரும்ப மூடியது. பட்டியலின்படி அவள் மகள்தானே, தாலியைக் கழற்றச் சொல்லி ஒருவரும் வரவில்லை. கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு அவள் புறப்படும்போது, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று பைறோஸா இன்னும் கேட்பாள்.

"பாதை திறக்க வருவார்" என்பாள் பத்மாவதி.