கோதுமை புகாத வீடு

வரலாற்றைப் புரட்டிப்போட்ட முடிவுகள் எல்லாம் யாரோ ஒருவர் எழுந்து நின்றதில்தான் தொடங்கியிருக்கின்றன. லேபிள் அதிகாரியும் அன்று சமையலறையில் எழுந்து நின்று, "இந்த நிமிஷத்திலிருந்து இந்த வீட்டில் கோதுமைக்கு இடமில்லை!" என்று அறிவித்தார். எழுந்த வேகத்தில் திறந்திருந்த அலமாரிக் கதவில் தலை இடித்ததால், மீதி உரையை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நிகழ்த்த வேண்டியதாயிற்று.

உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் லேபிள்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய உத்தியோகம். பஸ் ஓட்டும் மைத்துனன் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. ஆசிரியையான மனைவியின் குடலுக்குக் கோதுமையும் பாலும் அறவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லூரிக்குப் போகும் மகளோ ஆறு மாதமாகப் பால், முட்டை, இறைச்சி எதையும் தொடுவதில்லை. தேன் என்றாலும், "தேனீகிட்ட கேட்டீங்களாப்பா?" என்பாள். ஆளுக்கொரு பானை வைக்காமல், இரண்டு பேருடைய விலக்குகளையும் கழித்து மிஞ்சியதை எல்லோருக்கும் ஒன்றாகச் சமைப்பது என்று முடிவாயிற்று. சமைக்கப்போவது அவர். மனைவி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள்.

அரிசி மாவில் ரொட்டி தட்டினார். கல்லில் போடும்வரை கண்டமாக இருந்தது திருப்பியதும் தீவுக்கூட்டமாயிற்று. ஆளிவிதையை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் மாவு பிடித்துக்கொள்ளும் என்றாள் மகள். பிடித்துக்கொள்ளத்தான் செய்தது, கல்லை. முந்திரியை அரைத்துப் பால் எடுத்துக் காய்கறி வேகவைத்ததில் மிக்சியின் மோட்டார் ஒருமுறை புகைந்தது. பருப்பு மட்டும் கைவந்தது. வாரத்தில் ஐந்து நாள் பருப்பு. பருப்பென்றால் வாயு, வாயுவென்றால் பெருங்காயம் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். தாராளமாகவே போட்டார்.

ஒரு மாதம் ஆயிற்று. மனைவியின் வயிற்று உப்புசம் குறைவதற்குப் பதில் மத்தளம் போல ஏறியது. அவர் பெருங்காயத்தை இரட்டிப்பாக்கினார். இன்னும் ஏறியது.

"வீட்டுல எங்கேயோ கோதுமை உள்ள வந்துக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியாகலைன்னா ஒரு மாசம் அக்கா வீட்டுல போய் இருக்கேன். அவ கைப்பக்குவம் என் உடம்புக்கு ஒத்துக்கும்."

"தாராளமாப் போயேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு, அலமாரி மேல் இருந்த அவளுடைய பெட்டியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இல்லாமல் அவர் சாப்பிட்டது மூன்று நாள். அந்த மூன்று நாளும் டிவியில் செய்தி வாசிப்பவரிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாளே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மகளுடைய பையைத் தலைகீழாகக் கொட்டினார். மூன்று பேனாவும் காய்ந்துபோன திராட்சை ஒன்றும் விழுந்தன. "கைரேகை எடுக்கலையாப்பா?" என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு வந்த மைத்துனனை வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றி உதறச் சொன்னார்.

"மாமா, நான் பஸ் ஓட்டறேன். ரொட்டிக்கடை நடத்தல."

"டிப்போ கேன்டீன்ல பன்னு தின்பீங்கல்ல மாப்ள? தூள் ஒட்டிக்கிட்டு வரும்."

"அக்கா, இந்த மனுஷனோட எப்படித்தான் குடித்தனம் பண்றியோ!" மைத்துனன் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டான். கடைசியில் லேபிள் அதிகாரி மனைவியையும் விடவில்லை.

"ஸ்கூல்ல பசங்க பிஸ்கட் ஏதாவது நீட்டினா வாங்கிப்பியா? உண்மையைச் சொல்லு."

அவள் எழுந்து போய் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். தட்டிய தூசியையும் அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மற்ற மூவரும் கூடத்து மேஜையில். பெட்டி வாசலருகே. கடைசி முயற்சியாக ஒரு பானைப் பருப்பு கொதித்து இறங்கி, பெருங்காயத்தோடு மேஜைக்குப் போய்விட்டது. மேலுக்குக் கொஞ்சம் தூவலாமே என்று டப்பாவை மறுபடி எடுத்தார். மூடி இறுகியிருந்தது. எந்தப் பக்கம் திருகுவது என்று அம்புக்குறியைத் தேடி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அம்புக்குறிக்குக் கீழே பொருட்களின் பட்டியல் இருந்தது. அதில் முதலில் இருந்தது பெருங்காயம் அல்ல.

உலகத்து டப்பாக்களை எல்லாம் படித்தவர், வீட்டில் நாலு வருடமாகக் கைபுழங்கிய இந்த டப்பாவை ஒருநாளும் படித்ததில்லை.

கூடத்துக்கு ஓடினார். மனைவி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

"சாப்பிடாதே!"

"ஏங்க, உப்பு ஜாஸ்தியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பானையைக் கவிழ்த்து, டப்பாவைத் தூர எறிந்து, தானே குணப்படுத்தியதாகப் பேர் வாங்கிவிடலாம். அவருக்கு அந்த யோசனை வராமல் இல்லை, முழுதாகவே வந்தது. ஆனால் வயிற்றைப் பிடித்தபடி, அவர் சமைத்தது என்பதற்காகவே இத்தனை நாளாக முகம் சுளிக்காமல் சாப்பிட்ட அவள் முகம் எதிரே இருந்தது.

"பெருங்காயம்" என்றார். "பாதிக்கு மேல கோதுமை மாவு. நான்தான் போட்டேன். உனக்கு முடியாமப் போகப் போக நான்தான் ஏத்திப் போட்டேன்."

மைத்துனன் எழுந்து, மெதுவாகத் தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். "மாமா, உங்க சட்டையையும் ஒரு தடவை உதறிடலாம்." மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

மனைவிக்குச் சிரிப்பும் வலியும் சேர்ந்து வந்தன. "சிரிக்க வைக்காதீங்கடா, வயிறு தாங்காது" என்று அதட்டிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "அதான் சொல்லிட்டீங்கல்ல. போய் நாலு உருளைக்கிழங்கை வேகவைங்க. உப்பு மட்டும் போடுங்க. வேற எந்த வைத்தியமும் வேண்டாம்."

"அக்கா வீடு?"

"உருளைக்கிழங்கு எப்படி வருதுன்னு பாக்கறேன்."

மகள் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, கோதுமை மாவுன்னு எவ்ளோ பெருசாப் போட்டிருக்கு பாருங்க!"

எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிதாக்குக என்று குறிப்பு எழுதி ஆபீசிலிருந்து அந்த லேபிளை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் அவர்தான்.