வெளிப்பக்கம் வந்த பொத்தான்

“எனக்கு ரூமுக்கே கொண்டு வந்து குடுத்துடும்மா. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க.”

“ஹால்லயே சாப்பிடலாமே மாமா?”

“வேண்டாம்மா. எனக்கு அதான் வசதி.”

“சரிங்க மாமா. தினமும் அப்படியே குடுத்துடறேன்.”

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலை, மாமனாரும் அவளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அன்று அவளுக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது! புகுந்த வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது என்று மற்றப் பெண்கள் மாதக்கணக்கில் இருட்டில் துழாவுகிறார்கள். மாமா பளிச்சென்று சொல்லிவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்தால் கெட்ட பேர் வராது.

அவளுக்குச் சோறு போடும் தொழிலும் அப்படிப்பட்டதுதான். சமையலறைச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில், புகார் சொல்கிறவர்களுக்கு ஃபோனில் பதில் சொல்லும் வேலை. மிக்ஸி சுற்றவில்லை, அடுப்பு பற்றவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “குறிப்புத்தாளைப் படிச்சீங்களா?” என்பதுதான். முக்கால்வாசிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். இதை வைத்தே அவளைச் சீண்டுவான் கணவன். காபி ஆறிப்போனாலும், “குறிப்புத்தாளைப் படிச்சீங்களா மேடம்?” என்பான்.

மாமா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவருடைய அறைக்கதவு எப்போதும் ஒரு சாண் திறந்தே கிடக்கும். தாழ்ப்பாள் தேய்ந்து போயிருந்தது. போதாததற்குக் கதவிடுக்கில் ஒரு செருப்பு வேறு. ஹாலில் அவளும் கணவனும் சாப்பிட்டுக்கொண்டே அடிக்கும் அரட்டை அவர் காதில் விழுமே என்று அவளுக்கு உறுத்தல். அவள் தட்டை எடுக்கப் போகும்போது, “என்னம்மா, இன்னிக்கு அப்படி ஒரு சிரிப்பு?” என்று கேட்பார். தொந்தரவாக இருக்கிறது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

அதனால்தான் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கதவுப் பூட்டுகளைப் பார்த்ததும் வாங்கி வந்தாள். ஒன்று மாமாவின் அறைக்கு. இன்னொன்று தங்கள் அறைக்கு.

“எனக்கெதுக்கும்மா பூட்டு? உள்ள என்ன புதையலா இருக்கு?” என்றார் மாமா.

“உங்களுக்கும் தனியா, அமைதியா இருக்கணும்னு இருக்காதா மாமா?”

மாமா பூட்டின் குமிழைக் கொஞ்சநேரம் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாள் காலை, மாமாவின் கதவுக்கு முன்னால் கணவன் ஸ்க்ரூ டிரைவரோடு மண்டியிட்டான். அவள் பக்கத்தில் நின்று குறிப்புத்தாளை வாசித்தாள். பூட்டின் ஒரு பக்கக் குமிழில் அமுக்கிப் பூட்டும் பொத்தான். மறுபக்கக் குமிழில் சாவித் துவாரம்.

“பொத்தான் உள்ள குமிழ் வெளிப்பக்கம் வர வேண்டும்,” என்று வாசித்தாள்.

“என்னது? வெளிப்பக்கமா? நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பார்த்தேன். படத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.”

“பொத்தான் வெளிய இருந்தா உள்ள இருக்கிறவர் எப்படிப் பூட்டுவாரு? கிறுக்குத்தனமா இல்ல?”

“அதுல ஒரு காரணம் இருக்குங்க. வயசானவங்க உள்ள பூட்டிக்கிட்டு மயங்கி விழுந்துட்டா? வெளியிலேருந்து சட்டுனு திறக்கணும்ல? அதுக்குத்தான். புது மாடல்.”

அப்படியொரு காரணம் தாளில் எங்குமே இல்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவளே அதை நம்பிவிட்டாள்.

“புது மாடலாம்பா!” என்று கணவன் உள்ளே எட்டிச் சொன்னான்.

“மருமக சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ படிக்காததா?” என்றார் மாமா கட்டிலிலிருந்தே.

திருகாணிகள் இறுகின. கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினாள். தங்கள் அறைப் பூட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள்.

அடுத்த விடுமுறை நாள் அவளுடன் வேலை செய்யும் தோழி வீட்டில் விருந்து. கிளம்புமுன் மாமாவுக்குச் சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீர் ஜக்கையும் அறையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் போலும் என்று, அடிமேல் அடிவைத்து வெளியே வந்தாள். கதவிடுக்கில் மறுபடியும் அந்தச் செருப்பு. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, குமிழைக் கை கொள்ளப் பிடித்துக் கதவை இழுத்தாள். கட்டைவிரலுக்கடியில் ஏதோ ‘டக்’ என்றது. பூட்டு புதுசு, அழகாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணவனோடு கிளம்பினாள்.

வீடு திரும்பும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஹால் இருட்டாகக் கிடந்தது. மாமாவின் ஃபோன் டிவி பக்கத்தில் சார்ஜரில் செருகியபடியே இருந்தது.

“மாமா?” என்று குமிழைத் திருப்பினாள். பொத்தான் வெளியே துள்ளியது. கதவு திறந்தது.

“உள்ள வராதம்மா.”

கட்டிலின் விளிம்பில், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு வாடை. மூலையில் தண்ணீர் ஜக்கு. அதன்மேல் அவருடைய துண்டு நான்காக மடித்துப் போர்த்தப்பட்டிருந்தது.

“நீ போம்மா. அவனை வரச் சொல்லு.”

அவளுக்குப் புரிந்தது. புரிந்த அந்த நொடியில் காது மடல்கள் தீயாகச் சுட்டன. கணவன் உள்ளே போனான். ஜக்கைத் துண்டோடு எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்காமலே கடந்து குளியலறைக்குப் போனான். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ‘குறிப்புத்தாளைப் படிச்சீங்களா மேடம்?’ என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கடைசியில் வந்து, “மத்தியானத்திலேருந்து உள்ளயேதான் இருந்திருக்காரு,” என்று மட்டும் சொன்னான்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அவசரத்தில் திருகாணித் தலைகள் வழுக்கின. பூட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த இரண்டாவது பெட்டியைப் பிரித்தாள். அதே குறிப்புத்தாள். அதே படம். ஆனால் இதன் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது: ‘திருத்தம்: உள்பக்கம், வெளிப்பக்கம் என்பவை படத்திலும் விளக்கத்திலும் மாறி அச்சாகிவிட்டன. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

அதைப் பார்த்தும் மனசு ஆறவில்லை. அச்சுப்பிழை கம்பெனியுடையது. புது மாடல் என்று கதை கட்டியது யார்? போன வாரம் ஒரு பெண்மணி ஃபோனில், “படிச்சேன்ம்மா. எனக்குத்தான் சரியாப் புரியலை போல,” என்று குரல் இறங்கிச் சொன்னதும், ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கண்ணடித்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தன. அந்தப் பெண்மணியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு தயாராயிற்று. கணவன் ஹால் மேஜையில் இரண்டு தட்டு வைத்தான். அந்த மேஜைக்கு நாற்காலியே இரண்டுதான். அவள் மூன்றாவது தட்டில் பரிமாறி எடுத்துக்கொண்டு போனாள். பூட்டு இருந்த இடத்தில் கதவில் ஒரு வட்ட ஓட்டை. கீழே செருப்பு மறுபடியும் தன் இடத்துக்கு வந்திருந்தது.

“வரலாமா மாமா?”

“வாம்மா.”

குளித்து வேறு சட்டை மாற்றியிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளும் தட்டைத்தான் பார்த்தாள்.

“மன்னிச்சிடுங்க மாமா. இந்தக் கையாலதான் பூட்டினேன்.”

“தெரியாம நடந்ததுக்கு என்னம்மா? விடு.”

“கதவைத் தட்டியிருக்கலாமே மாமா. சத்தம் போட்டிருந்தா யாராவது வந்திருப்பாங்களே.”

“பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. வாசல் மணியை ரெண்டு தடவை அடிச்சாங்க. ஒரு குரல் கொடுத்தாப் போதும், உடனே உங்களுக்கு ஃபோன் பண்ணியிருப்பாங்க.”

“அப்புறம் ஏன் மாமா…”

“அந்தம்மா வாய் சும்மா இருக்குமா? மருமக மாமனாரை வெளிப்பக்கமாப் பூட்டிட்டு விருந்துக்குப் போயிட்டான்னு மாடிக்கு மாடி பரவிடும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். நான் பட்டது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும்.”

அவளுக்கு ஒரு கூரை ஓடு தலையில் விழுந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

“உங்களுக்கு என்ன வேணும்னாலும் என்கிட்ட நேரா சொல்லிடுங்க மாமா. என் மரமண்டைக்கு ஜாடைமாடையாச் சொன்னா ஏறாது.”

மாமா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

“உன்கிட்ட அதாம்மா பயம். ஒரு தடவை சொல்லிட்டா நீ கல்வெட்டு மாதிரி வச்சுக்குவே. நீ வந்த அன்னிக்கு ரூமுக்கே சாப்பாடு குடுன்னேன். புதுசா கல்யாணமானவங்க, நடுவுல நந்தி மாதிரி நான் எதுக்கு, ஒரு வாரம் போகட்டும்னு சொன்னதும்மா அது.”

“ஒரு வாரத்துக்கா?”

“நீயே கூப்பிடுவேன்னு பார்த்தேன். நீ ஒருநாள் கூடத் தவறாம நேரத்துக்குத் தட்டோட வந்து நிக்கிறே. அவ்வளவு ஆசையாக் கொண்டு வர்ற பிள்ளைகிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வாழ்நாள் பூரா நெரிசல்லயே நின்னு வேலை பார்த்தவன் நான். நீங்க பேசுறதாவது காதுல விழட்டுமேன்னு செருப்பை வச்சுக்கிட்டேன்.”

அவளால் அந்தச் செருப்பைப் பார்க்க முடியவில்லை. வேறெங்கும் பார்க்கவும் முடியவில்லை.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கட்டிலைப் பிடித்து எழுந்து, அவள் கையிலிருந்த தட்டின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் சில்லறை கேட்கக் கூசுகிற பயணி மாதிரி அவர் குரல் தணிந்தது.

“இன்னிக்கு… நானும் உங்ககூட உக்காந்து சாப்பிடட்டுமாம்மா?”