இரண்டு காயினுக்கு ஓர் ஆட்டம்

இந்தக் காலத்து ஜனங்களை நம்பி ஒரு காயினைக்கூடக் கையில் கொடுக்க முடியாது என்பார் கொளஞ்சியப்பன். லட்ச ரூபாய் வண்டியில் வந்து இறங்குவான். ஐந்து ரூபாய் ஆட்டத்துக்குக் காயினுக்குப் பதில் இரும்பு வாஷரைத் தேய்த்துப் போடுவான். பிடித்தால், "சும்மா டெஸ்ட் பண்ணேன் பெருசு" என்று இளிப்பான். அப்பன்காரனுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை, பிள்ளைக்கு வாஷர்!

நெய்வேலி டவுன்ஷிப் கடைவீதியில், சசிகுமாரின் வீடியோ கேம் கடைக்கு அவர்தான் காவல். காசுப்பெட்டிச் சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கும். அந்தச் சாவிதான் இப்போது வினையாகிவிட்டது. ஒரு வாரமாக, மூலையில் நிற்கும் சண்டை மிஷினின் பெட்டியில் இருக்கும் காசைவிட, அது கணக்குக் காட்டும் ஆட்டம் அதிகம்.

"சாவி உங்ககிட்ட மட்டும்தானுங்களே இருக்குது, பெரியவரே," என்று காலையில் கேட்டார் சசிகுமார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். திட்டுவதும் மரியாதையாகத்தான் இருக்கும். அறுபத்தெட்டு வயசில் திருட்டுப் பட்டமா என்று கொளஞ்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குறிஞ்சிப்பாடி மெக்கானிக் குமரவேலை அவரே போன் போட்டு வரவழைத்தார்.

மத்தியானம். பள்ளிக்கூட நேரம் என்பதால் கடையில் ஈ, எறும்பு இல்லை. குமரவேல் மிஷின் கதவைத் திறந்து உள்ளே ஒரு பட்டனை அமுக்கினான். திரையில் எண்கள் வரிசையாக வந்தன.

"நாலு காயின் போட்டா ஒரு ஆட்டம் போனஸ்னு வச்சிருக்குது தாத்தா. அதான் கூட காட்டுது."

"போனஸா? எவன் அப்பன் வூட்டு மிஷினு? எட்றா அத!"

"போனஸைக் கழிச்சுப் பார்த்தாலும் கூடத்தானுங்க வருது," என்றார் சசிகுமார்.

குமரவேல் போனஸைச் சுழியாக்கினான். இரண்டு காயினுக்கு ஓர் ஆட்டம் என்று விலையையும் மாற்றிக் கதவைச் சாத்தினான். "இனிமே ஒரு காயின் வுழுந்தா அரைன்னுதான் காட்டும். ரெண்டு வுழுந்தாதான் ஆட்டம்."

மிஷினுக்குள் 'டிக்' என்றது. திரையில் அரை. யாரும் காயின் போடவில்லை. மறுபடி 'டிக்'. ஒன்று.

சசிகுமார் இரண்டடி பின்னால் போனார். குமரவேல் மட்டும் சிரித்தபடி கதவைத் திறந்தான். "காயின் வுழுந்தா தட்டற கம்பி சார் இது. ஸ்பிரிங்கு லூசு. லாரி போனாக்கூட ஆடி, காயின் வுழுந்ததா எண்ணிக்கும். பேயின்னு பயந்துட்டீங்களா?" கம்பியை வளைத்து இறுக்கினான். சத்தம் நின்றுவிட்டது.

"தப்பா நெனச்சுட்டேனுங்க பெரியவரே. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார் சசிகுமார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கொளஞ்சியப்பன் காலையிலிருந்து காத்திருந்தார். ஆனால் அவர் கண் திரையில் இருந்தது.

"டேய், ஒண்ணுன்னு இருந்துதே, எப்பிடிச் சுழியாச்சு? எவன் ஆட்றான்?"

"அது டெமோ தாத்தா. யாரும் ஆடலன்னா மிஷினே ஆடிக்கினு இருக்கும்."

"டெமோ காசு திங்குமா?"

குமரவேல் குனிந்து திரையைப் பார்த்தான்.

டெமோவை இரண்டு வருஷமாகப் பார்க்கிறவர் கொளஞ்சியப்பன். அதில் சண்டை போடும் இரண்டு பேரும் தேர்ந்த கையாக அடிப்பார்கள். இங்கே ஒருவன்தான் அடித்தான். மற்றவன் ஓர் அடி முன்னால் வைத்தான், நின்றான். காரணமில்லாமல் குதித்தான். வெறுங்காற்றில் ஒரு குத்து விட்டான். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பவன் மாதிரி. கீழே சிவப்புப் பட்டன் கொஞ்சம் உள்ளே போய், மேலே வந்தது. லீவர் இடப்பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது.

குமரவேல் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. லீவர் மட்டும் சாய்ந்தபடியே சற்று நின்று, பிறகு யாரோ கையை எடுத்ததுபோல் மெல்ல நிமிர்ந்தது.

"போர்டு பழசு சார். மாத்திடலாம்," என்றான் குமரவேல்.

கொளஞ்சியப்பன் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"உங்க மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சுங்களே! எங்க கெளம்பிட்டீங்க?"

"அது போதும் எனக்கு. ஸ்பிரிங்கு காசு போடும், ஒத்துக்கறன். பட்டன அமுக்குமா?"

"வயரு, கரன்ட்டு, எதாச்சும் இருக்குமுங்க."

"இருக்கும், இருக்கும்," என்றபடி கொளஞ்சியப்பன் செருப்பை மாட்டினார். ஒரு கால் வார் சரியாக ஏறவில்லை. அங்கே நின்று அதைச் சரிசெய்ய அவருக்கு மனசில்லை. இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.