பூச்சி இல்லாத ரிப்போர்ட்

குடல்வால் என்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத சமாச்சாரம். பரிசோதனைக்கூடத்தில் அவள் எத்தனையோ குடல்வால்களை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றியிருக்கிறாள். தன் மகளுடையது வந்த அன்று மட்டும் கூட வேலை செய்கிறவர்கள் அவளை அண்டவிடவில்லை. அது வெடித்துத்தான் வாண்டு போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து ஷூ இன்னும் வாசலிலேயே கிடக்கிறது.

அதற்கு முந்தைய வாரம் அவள் புருஷனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். கிட்டே வராதே என்றால் கேட்கிற பிள்ளையா அது? அப்பா நெஞ்சின் மேலேயே படுத்துக் கிடந்தது. காரியம் முடிந்த நாளிலிருந்து அவன் வெல்டிங் பட்டறைக்குப் போகவில்லை. தினமும் ஒரே கேள்விதான்.

"ரிப்போர்ட் வந்துச்சா? என்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சா?"

ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வைரஸா இருக்கலாம்மா. அதனால குடல்வாலுக்குள்ள சதை வீங்கி வழிய அடைச்சிருக்கலாம். பாக்டீரியாவும் நிறைய இருக்கு, ஆனா அது எப்பவும் குடல்லயே குடியிருக்கிறது. எது ஆரம்பிச்சு வெச்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சில பிள்ளைங்களுக்கு வயித்துப் பூச்சி போய் அடைச்சிருக்கும். இதுல அதுவும் இல்ல."

இருக்கலாமாம்! படித்தவர்களுக்கு அது போதும். அந்த மனுஷனுக்கு அந்த ஒரு சொல்லே தூக்குக்கயிறு. பஸ்ஸில் வரும்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். பழி யார் தலையிலாவது விழத்தான் வேண்டுமென்றால் தன் தலையில் விழட்டும்.

"உங்க காய்ச்சல் இல்லைங்க," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "பூச்சிதான். புள்ளைக்குப் பூச்சி மாத்திரை குடுக்காம விட்டுட்டேன். பாவி நான்தான்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான்.

"பூச்சி மாத்திரையா? வாங்கிட்டு வாங்கன்னு நீ சொன்னியே. நான்தானே மறந்துட்டு வந்தேன்."

சொல்லியிருக்கிறாள்தான். சொன்னது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"ஐயோ, இல்லைங்க! பூச்சியே இல்ல. நான் சொன்னது பொய். டாக்டரம்மாவ வேணா கேட்டுப் பாருங்க."

அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். மகள் போனபின் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்காகப் பொய் சொல்லாதம்மா," என்றான்.