சத்தத்தைக் கூட்டும் தெரு

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் டீச்சரம்மா.

கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன?"

"யாரோ அழுற மாதிரி."

"மறுபடியும் அதுவா," என்றவர், மடியில் கிடந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். "நாளைக்குப் புதுப் பொறுப்புல உக்காரப் போற. இப்படிப் பேயறைஞ்ச மாதிரி முழிச்சிக்கிட்டு இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க? போய்க் கொஞ்ச நேரம் படு."

ஞாயிற்றுக்கிழமைப் பகல். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தன. மகனும் மருமகளும் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். டீச்சரம்மா எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அழுகிறவள் உயிரோடில்லை என்பதும், அந்த அழுகை தன் காதுக்கு மட்டுமே கேட்கிறது என்பதும் வெகுநாளாக அவளுடைய நம்பிக்கை.

அந்தத் தெருவுக்கென்று ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் அடி விழுகிற சத்தமோ பெண்ணின் அலறலோ கேட்டால், அக்கம்பக்கத்தில் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். டிவி இல்லாதவர்கள் குழாயைத் திறந்துவிடுவார்கள். காதில் விழாததுபோல் இருந்துவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்கிற உபகாரம். 'வீட்டுக்கு வீடு வாசப்படி' என்று ஒரு பெருமூச்சு, அத்தோடு சரி. மறுநாள் அடித்தவனும் அடிபட்டவளும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கலாம், யாருக்கும் சங்கடமில்லை. இந்த நாகரிகத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. தானாகவே வந்துவிடுகிறது.

அதே தெருவில், மாவு மில்லின் மாடியில் டீச்சரம்மாவின் முதியோர் வகுப்பு நடந்துவந்தது. அவள் நடத்திய எழுத்தறிவு அமைப்புக்கு ஊரெங்கும் வகுப்புகள் இருந்தன. தலைவியான பிறகும் இந்த ஒன்றை மட்டும் அவளே எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படிப்பது அவளுடைய முறை. தனியாக வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் படித்துவிடுவார்கள்.

ஒருநாள் பாடத்துக்கு நடுவில், மில்லை ஒட்டியிருந்த பெயின்டர் வீட்டிலிருந்து அவன் மனைவியின் அலறல் கேட்டது. வகுப்பு நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாக் குரல்களும் உயர்ந்தன. புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் டீச்சரம்மாவும் குரலை உயர்த்தினாள். திக்கித் திக்கிப் படிக்கிறவர்கள்கூட அன்று பிழையில்லாமல் படித்தார்கள். பாடம் முடிந்தபோது பக்கத்து வீடு அமைதியாக இருந்தது. மாடிப்படியில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அதற்குப் பிறகு யார் சேர்ந்து படித்தாலும் அதற்கு அடியில் அவளுக்கு அந்த அலறல் கேட்டது. போகப் போக வீட்டிலும் கேட்டது. போன வாரம், தலைவி பொறுப்பிலிருந்து அவள் விலகியதற்காக நடந்த பிரிவுபசாரத்தில் பழைய மாணவிகள் எழுந்து நின்று ஒரே குரலில் வாழ்த்து வாசித்தார்கள். "போதும்மா, போதும்," என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பாசத்தில் மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அமைப்பில் புதிதாகத் தொடங்கிய சமூக மாற்றப் பிரிவை அவள் கேட்டு வாங்கிக்கொண்டது இதனால்தான். அலறல் கேட்டால் டிவியை நிறுத்துங்கள், எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வதுதான் முதல் வேலை. சொந்தத் தெருவிலிருந்தே தொடங்குவதாகவும் சொல்லியிருந்தாள். தெருவில் எல்லாரும் "நல்ல காரியம் டீச்சரம்மா" என்று தலையாட்டினார்கள். கணவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "அ, ஆ சொல்லிக் குடுத்த, மாலை போட்டாங்க. அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டினா செருப்புதான் வரும்," என்றார்.

இப்போது மறுபடியும் அழுகை கேட்டது. ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டது.

டீச்சரம்மா கணவரின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள். அவர் பதறி எழுந்தார். அழுகை இன்னும் தெளிவாக, கிட்டத்தில் கேட்டது. பின்னாலேயே எதுவோ சுவரில் மோதிய சத்தம். அது மகனுடைய அறையின் சுவர்.

அவள் கணவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் திகைப்பு இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்," என்றார் அவர். "உனக்கு ஏற்கெனவே அந்தப் பிரமை. அதுவும் ஒரு விதத்துல நல்லதுன்னு விட்டுட்டேன். இத பாரு, நாளைக்குப் பொறுப்பெடுக்குறவ வீட்டுலயே இப்படின்னு தெரிஞ்சா உன் பேச்சை எவன் கேப்பான்? காதும் காதும் வச்ச மாதிரி நாம பேசி முடிச்சிக்கலாம்."

அவள் போய் மகனுடைய கதவைத் தட்டினாள். திறந்தவனுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்லம்மா. கால் தடுக்கி விழுந்துட்டா."

கட்டில் ஓரத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. மாமியாரைக் கண்டதும் கைத்தழும்பை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதில் பழக்கம் தெரிந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குக் கேக்கும்னு தெரியும் அத்தை," என்றாள் மருமகள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒவ்வொரு தடவையும் நீங்க எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். சரி, அத்தைக்கும் இதுல சம்மதம்தான்னு நினைச்சிக்குவேன்."

செத்தவளுக்காக டீச்சரம்மா எத்தனை ராத்திரி அழுதிருப்பாள். அந்த அழுகைக்குப் பின்னால், ஒரு சுவருக்கு அப்பால், உயிரோடு ஒருத்தி அடிபட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மருமகளின் கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தாள். கணவர் குறுக்கே நின்றார். "படி தாண்டினா மானம் போயிடும். சொல்லிட்டேன்."

"போகட்டும். தள்ளுங்க."

தெருவில் வெயில் காய்ந்தது. பாதி வீடுகளின் கதவுகள் திறந்திருந்தன. டீச்சரம்மா தெருவில் இறங்கி நின்று, வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் எல்லாரும் வாங்க. என் மகன் என் மருமகளை அடிச்சிட்டான். வந்து என்னன்னு கேளுங்க."

எதிர்வீட்டுத் திரை அசைந்தது. ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. முதலில் மளிகைக்கடைக்காரர் வீட்டில் டிவியின் சத்தம் உயர்ந்தது. அடுத்து பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. ஒன்றில் செய்தி, ஒன்றில் பாட்டு, ஒன்றில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டில் குழாய் திறந்துகொண்டது. ஒருவரும் அவளுக்குப் பகையில்லை. எல்லாரும் அவளை மதிக்கிறவர்கள்.

மருமகள் அவள் கையை இழுத்தாள். "வேணாம் அத்தை. உள்ள போயிடலாம்."

"நீ என்கூட வா."

எதிர்வீடு இஸ்திரிக்கடைக்காரியுடையது. அந்த மாடி வகுப்பில் முதன்முதலாகத் தானே ஒரு பக்கம் முழுக்கப் படித்தவள். டீச்சரம்மா அந்தக் கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு நின்றது. பிறகு இஸ்திரிக்கடைக்காரியின் குரல், அவ்வளவு அக்கறையோடு, கதவிடுக்கு வழியே கேட்டது.

"பாவம், டீச்சரம்மா. எவ்வளவு நல்லது பண்ணியிருக்காங்க. அவங்க வீட்டு மானம் சந்தி சிரிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் கூட்டி வைடி."

டிவியின் சத்தம் ஏறியது. டீச்சரம்மா மறுபடியும் தட்டினாள்.